விண்மீன்களும் ஒரு பவளத்தீவும்

மார்கரெட் பேர்பிட்ஜ், ஜெஃப்ரி பேர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹொயில் ஆகிய நால்வரும் 1957இல் வெளியிட்ட, விண்மீன்களில் மூலகங்கள் தோன்றும் முறை பற்றிய நெடுங்கட்டுரை சேக்ஸ்பியரின் இரு மேற்கோள்களுடன் தொடங்குகின்றது. 'லியர் மன்ன'னிலிருந்து எடுக்கப்பட்டது மனித நிலைமைகளை ஆள்வன விண்மீன்களே என்கிறது. 'யூலியஸ் சீச'ரிலிருந்து எடுக்கப்பட்டதோ குறை விண்மீன்களிடத்தன்று, நம்மிடத்தே என மறுக்கின்றது. இம்முரணை வெறும் அலங்காரமெனக் கருதி இலக்கிய மாணாக்கராகிய நாம் கடந்து செல்வதற்கில்லை.

இரும்பினும் பாரமான மூலகங்களிற் பெரும்பாலானவை, கருக்கள் நியூத்திரன்களைக் கவர்வதால் உருவாகின்றன. அக்கவர்ச்சி மெதுவாகவும் நிகழலாம். கணப்பொழுதில் அடுக்கடுக்காகவும் நிகழலாம். பின்னையதற்குப் புவியிலேயே ஒரு சான்று கிடைத்திருந்தது. 1952 நவம்பர் 1ஆந் திகதி மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் ஐக்கிய அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையில் எலுகெலாப் என்ற தீவு முற்றாக அழிந்தது. யுரேனியக் கருக்கள் 17 நியூத்திரன்கள் வரை கவர்ந்திருந்தமை வெடிப்பின் எச்சங்களிலிருந்து புலனாயிற்று. அவ்வெச்சங்களிற் காணப்பட்ட கலிபோர்னியம்-254இன் அரைவாழ்வுக்காலமும் சுப்பர்நோவாவின் ஒளி மங்கும் வேகமும் ஏறத்தாழ 55 நாளென ஒத்திருப்பதை இந்நால்வரும் தம் வாதத்துக்குத் துணையாகக் கொண்டனர். அவ்வொப்பீடு பின்னர் நிலைக்கவில்லை; அவ்வொளிக்குக் காரணம் நிக்கல்-56இன் தேய்வே எனக் கொள்ளப்பட்டது. விரைந்த கவர்ச்சி பற்றிய கொள்கையோ, 2017இல் நியூத்திரன் விண்மீன்களிரண்டின் இணைவு அவதானிக்கப்பட்டதோடு மேலும் வலுப்பெற்றது. குண்டிலிருந்து பெறப்பட்ட தரவு என்பதனாற் கொள்கை பொய்யாகிவிடாது. அவ்வாறு வாதிடுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும் (நம்மிடையேயும் அதற்குக் குறைவில்லை).

ஆயினும், எனிவெட்டாக் மக்கள் 1947இலேயே உஜெலாங்குக்கு அகற்றப்பட்டவர்கள், 1980இலேதான் மீண்டனர். அவர்களது நிலம் சான்றாயிற்று, அவர்கள் சான்றாகவில்லை. சீசர் நாடக மேற்கோளைத் தேர்ந்தெடுத்தோர் அதனைத் தம் தரவின் மீது பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. 'தூய அறிவு' என்னும் கருத்தியல் தொழிற்படும் இடம் இதுவே.

குண்டுவெடிப்பு இன்றி இவ்வளவீடுகளைச் செய்ய முடியுமென்பதும் மனங்கொள்ளத்தக்கது. சேர்ன் ஆய்வுகூடத்தில் புரோத்தன் கற்றை ஈயத்தைத் தாக்க வெளிப்படும் நியூத்திரன்கள் ஏறத்தாழ 185 மீற்றர் பயணஞ் செய்கின்றன. பயண நேரமே அவற்றின் சக்தியைக் காட்டுகின்றது. மாதிரியின் சொந்தக் கதிர்வீச்சு அளவீட்டை மறைப்பதே பெருஞ்சிக்கல். அங்கு அளக்கப்பட்ட சமாரியம்-151இன் கவர்ச்சி அளவு விண்மீனின் உள்வெப்பநிலையை மதிப்பிட உதவுகின்றது. அதே சமாரியம் அணுவுலைக் கழிவிலும் உண்டு. இத்தகைய அளவீடுகளுக்கென 160 பேரியம் புளோரைட்டுப் பளிங்குகளாலான உணர்கருவி லொஸ் அலமொசில் அமைந்துள்ளது. அணுகுண்டு உருவாக்கப்பட்ட ஆய்வுகூடம் அது. ஆயுதப் பணி அங்கு இன்றும் தொடர்கின்றது.