கைமாறிய போன்கள்

'லவ் டுடே' படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது, சத்யராஜ் அந்த நிபந்தனையைச் சொல்லும் இடத்தில் அரங்கமே சிரித்தது. பெண் கேட்டு வந்தவனிடம், ஒரு நாள் இருவரும் போனை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றினால் பார்க்கலாம் என்கிறார். என் பக்கத்து இருக்கைப் பெண் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, தன் போன் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நானும்தான்.

2022-இல் வந்த இந்தப் படத்தை எழுதி, இயக்கி, நடித்தவர் பிரதீப் ரங்கநாதன். இன்றைய காதலில் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுகிறார்கள், உண்மை போனுக்குள் பூட்டிக் கிடக்கிறது, பூட்டைத் திறந்துவிட்டால் நேர்மை வந்துவிடும் என்ற எண்ணத்தில் படத்தின் முக்கால்வாசி ஓடுகிறது. பிறகு, நேர்மையைவிட நம்பிக்கையே முக்கியம் என்று முடித்துக்கொள்கிறது. தினமும் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் மாங்கொட்டை முளைக்காது என்பதுதான் படம் சொல்லும் உவமை. சரி. ஆனால் தோண்டச் சொன்னவர் அப்பா. வளர்ந்த மகளின் போனை இன்னொருவன் கையில் கொடுக்க அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று படம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. வீட்டில் அப்பா சொன்னால் நடக்கும், அவ்வளவுதான்.

போன்கள் கைமாறியதும் கணக்கு தொடங்குகிறது. பழைய காதலனோடு வெளியே போனதை நிகிதா மறைத்திருக்கிறாள். உத்தமன் பிரதீப் வேறு பெண்களோடு வழிந்திருக்கிறான். போதாக்குறைக்கு, நிகிதாவின் தங்கைக்கே ஆபாசச் செய்தி போன போலிக் கணக்கு ஒன்றும் அவன் பக்கம் இருக்கிறது. (அதைச் செய்தது நண்பன் என்று பிறகு சொல்லிவிடுவார்கள்.) படம் இந்த இரண்டையும் தராசில் வைத்துச் சமம் என்கிறது. இருவரும் மறைத்தார்கள், இருவரும் அழுதார்கள், இருவரும் மன்னிக்கட்டும். எனக்கு இங்கேதான் உறுத்தியது. அவனுடைய ரகசியம் வெளியே வந்தால் அவனுக்கு வெட்கம். அவளுடையது வந்தால் அப்பா, தெரு, அலுவலகம், கல்யாணச் சந்தை என எல்லாமே அவள் மேல் வந்து விழும். போகும் நஷ்டம் ஒன்றாக இல்லாதபோது, மறைத்த குற்றம் மட்டும் எப்படி ஒன்றாகும்?

பெண்கள் காதலில் ஆட்டம் ஆடுகிறார்கள் என்பது பழைய புகார். அமெரிக்காவில் 1995-இல் எல்லன் ஃபைன், ஷெர்ரி ஷ்னைடர் இருவரும் எழுதிய 'தி ரூல்ஸ்' அதையே பாடத்திட்டமாக்கியது. நீயாகப் போன் செய்யாதே, சனிக்கிழமை சந்திப்புக்குப் புதன்கிழமைக்குப் பிறகு கூப்பிட்டால் ஒப்புக்கொள்ளாதே என்றெல்லாம் விதிகள். படிக்க எரிச்சலாக இருக்கும். ஆனால் நாம் சிரித்துவிட்டுப் போக முடியாது. பெண் தன் வேட்கையைத் தலைவன் முன் தானே சொல்வது வழக்கமில்லை என்று தொல்காப்பியம் அதற்கு வெகுகாலம் முன்பே வரையறுத்துவிட்டது. சொல்லக் கூடாது என்று விதி போட்டால் குறிப்பால் உணர்த்தத்தான் வேண்டும். தோழியை இடையில் நிறுத்தித் தாமதிக்கத்தான் வேண்டும். இன்று தோழியின் வேலையைப் பாதி வாட்ஸப் செய்கிறது. வாயை அடைத்துவிட்டு, ஜாடை காட்டுகிறாளே என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

நேராகக் கேட்டவளுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என் மாணவி ஒருத்தி எட்டு மாதம் பேசிப் பழகியவனிடம், "இது உனக்கு என்னடா? காதலா, பொழுதுபோக்கா? எதுவானாலும் சொல்லு" என்று கேட்டாள். ப்ளூ டிக் விழுந்தது. பதில் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் நண்பர்கள் வழியாக வந்து சேர்ந்த சொல், "அலையுறா." விடுதியில் மற்றப் பெண்கள் அவளுக்குச் சொன்ன ஆறுதல், "அடுத்த தடவை மூணு மணி நேரம் கழிச்சு ரிப்ளை பண்ணுடி." நாங்களும் எங்கள் காலத்தில் ஒருத்திக்கொருத்தி இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். தற்காப்பாகத் தொடங்கியது, பிறகு எங்களுக்கே அது பழகிப்போனது. பிடித்தவனிடம்கூடப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வராமல் போன தோழிகள் எனக்கு உண்டு. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் ஆட்டங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. நீல் ஸ்ட்ராஸின் 'தி கேம்' 2005-இல் வந்தது. பெண்ணை லேசாக மட்டம் தட்டி, அவள் தன்னம்பிக்கையை ஆட்டங்காண வைத்து, பிறகு நெருங்குவது அதில் ஒரு உத்தி. அங்கே மறைக்கப்படுவது நோக்கம். நிகிதா மறைத்தது தன் வாழ்க்கையின் ஒரு துண்டை. கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கும் நேர்மைக்கும் சம்பந்தமே இல்லை. உன்னிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், எதுவரை வருவேன், வேறு யாரோடாவது இருக்கிறேனா என்பதைச் சொன்னால் அவள் முடிவெடுக்கலாம். போனைக் கொடுப்பதால் கிடைப்பது கண்காணிப்பு. பிரதீப்பின் போன் ஒரு நாள் முழுக்க நிகிதாவிடம் இருந்தது; இவனுக்கு என்னதான் வேண்டும் என்பதை அது அவளுக்குச் சொன்னதா?

படத்தின் பின்பாதியில் நிகிதாவின் முகத்தை ஒட்டிய போலி ஆபாச வீடியோ பரவுகிறது. எல்லோரும் சந்தேகிக்கும்போது பிரதீப் அவளை நம்புகிறான். பலரும் கண் கலங்கிய காட்சி, நானும் கலங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவன் நம்பாமல் போயிருந்தால்? வீடியோ பொய் என்ற உண்மை மாறியிருக்காது, ஆனால் அவளைக் காப்பாற்ற அந்த உண்மை மட்டும் போதாது என்று படமே காட்டிவிட்டது.

இதே படத்தில் இன்னொருவரும் போனைத் தர மறுக்கிறார். பிரதீப்பின் அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்ட யோகி பாபு. கள்ளத் தொடர்பு என்று நாமும் சந்தேகிக்கிறோம். திறந்தால் அதில் இருப்பதெல்லாம் அவர் உருவத்தைக் கேலி செய்து மற்றவர்கள் அனுப்பியவை. அரங்கம் அமைதியானது. மறைப்பதற்கு ஒரு மனிதனுக்குக் காயம் காரணமாக இருக்கலாம் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. நிகிதாவின் போனைத் திறந்தபோது அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.