சட்டத்தரணியின் கல்வி எந்த மொழியில்?

மருத்துவர் புதிய மருந்தை அறியாதிருப்பின் நோயாளி வருந்துவான்; சட்டத்தரணி புதிய சட்டத்தை அறியாதிருப்பின் கட்சிக்காரன் உரிமை இழப்பான். முன்னதை யாவரும் உணர்கிறோம். பின்னதை வழக்குத் தோற்ற பின்னரே உணர்கிறோம்.

அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகுப்பாரும் 1974 தொடக்கம் சட்டத்தரணி என்னும் ஒரே பெயருக்குள் வந்தனர். அதன்பின் சட்டம் வெகுவாக வளர்ந்துவிட்டது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலும், புதிய கம்பனிகள் சட்டம் 2007இலும், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலும் இயற்றப்பட்டன. 1990இல் சத்தியப்பிரமாணம் செய்தவர் இவற்றுள் எதனையும் கல்லூரியில் கற்றிருக்க முடியாது. தொழிலில் உள்ளோரும் தொடர்ந்து கற்றே ஆகவேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1975இலேயே வகுத்தது. இங்கும் சட்டத்தரணிகள் சங்கம் கருத்தரங்குகள் நடத்துகின்றது. அதனை வரவேற்கிறோம். ஆனால், அக்கல்வி யாருக்காக என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. வழக்காளி தமிழில் மனுச் செய்யலாம். மொழி விளங்காதவன் அரசின் செலவில் மொழிபெயர்ப்புக் கோரலாம். நடைமுறை யாது? புதுக்கடை நீதிமன்றங்களில் பதிவேட்டு மொழி சிங்களம்; உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை ஆங்கிலம். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் தொழிலாளியும், வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் உறுதியை வைத்துத் திகைக்கும் கைம்பெண்ணும் தமக்குப் புரியாத இரு மொழிகளுக்கிடையே நிற்கின்றனர். அவர்களுக்குள்ள ஒரே பாலம் சட்டத்தரணியே.

ஆங்கிலம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. முன்தீர்ப்புகளை ஆராய அது தேவை. ஆயினும், சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்துக்கே உரியனவாக்க முனைந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்ததன் பொருளை மறத்தலாகாது. பரீட்சை மண்டபத்தில் காக்கப்பட்ட மொழியுரிமை, பட்டம் பெற்ற மறுநாளே கைவிடப்படலாமா?

ஒவ்வொரு கருத்தரங்கின் சாரமும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகட்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரும் அங்கு அமர்ந்து கற்கட்டும். 24ஆம் உறுப்புரையைப் பயன்படுத்தும் முறையே ஒரு பாடமாகட்டும். கற்றவர் எத்தனை மணிநேரம் அமர்ந்திருந்தார் என்பதன்று அளவுகோல். தன் வழக்கில் அன்று நடந்தது யாதென்பதைக் கட்சிக்காரன் தன் மொழியில் அறிந்து வீடு திரும்பினானா என்பதே அளவுகோல்.