நைஸ் என்ற சொல்

என் நாவலைப் படித்த நண்பர் ஒருவர், "நைஸாக இருக்கிறது" என்றார். இரண்டு வருஷ உழைப்புக்கு ஒரே வார்த்தை! எரிச்சலோடு ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி'யை எடுத்தேன். அந்தச் சொல்லை அம்மையார் அதிலே கேலி செய்திருப்பதாக ஞாபகம்.

பாத் நகரத்துக் குன்றின்மேல் மூவர் உலாவுகிறார்கள். காதரின் என்ற பதினேழு வயதுப் பெண், தன்னை மயக்கிய பேய்க் கதை ஒன்றை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்கிறாள். ஹென்றி டில்னி விடவில்லை. அது பைண்டிங்கைப் பொறுத்த விஷயம் என்று மடக்குகிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸா என்று பரிகாசம் செய்கிறான். ஆதியில் அது நேர்த்தியையும் நாசூக்கையும் மட்டுமே குறித்ததாம்.

ஹென்றியின் கட்சிதான் ஆசிரியையின் கட்சி என்று வெகுநாள் நம்பியிருந்தேன். நிதானமாகப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை.

அவன் சொன்னது ஆதிப் பொருளே அல்ல. 'அறியாத' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது, நைஸ் என்றால் அசடு! நாசூக்கும் நுணுக்கமும் பிறகு ஏறின. 'இனிமை' என்ற பொருள் வந்தது 18-ஆம் நூற்றாண்டில். அதோடு, ஹென்றியின் சகோதரி எலியனார் அந்தச் சொல்லை அவன்மேலேயே திருப்புகிறாள்: அவனிடம் விவேகத்தைவிட நைஸ்தான் அதிகமாம். அங்கே அதற்குக் குறை பொறுக்காத குணம் என்று பொருள்.

ஆஸ்டின் காலமான 1817-ஆம் வருஷக் கடைசியில் இந்த நாவலும் 'பெர்சுவேஷ'னும் சேர்ந்தே வெளிவந்தன. பின்னதில், நல்ல சகவாசம் படிப்பு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புப் பார்ப்பதில்லை என்று எலியட் பேசும்போது, கண்டிப்புக்கு வரும் சொல்லும் நைஸ்தான்.

நம் வீட்டுக்குள் வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. மாவை நைஸாக அரைக்கிறோம். கடன்காரரைக் கண்டால் நைஸாக நழுவுகிறோம். சொல்லில் பஞ்சமில்லை, சொல்கிறவர் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்பாரில்லை, அவ்வளவுதான். ஆயுள் முழுவதும் படித்துக்கொண்டே இருக்கலாம் என்று அந்தக் கதையைப் பற்றித் தோழியிடம் சொன்னவள் காதரின். ஹென்றி அவளைக் கேட்டிருக்க வேண்டியது, எந்த அத்தியாயம் என்று.

மறுநாள் என் நண்பரிடம் அதையே கேட்டேன். கிழவி வெறும் பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடியும் இடத்தைச் சொன்னார். நான் நான்கு தடவை எழுதிக் கிழித்த இடம் அது.