நீலியின் சாட்சியம்

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதல் புடவை பெண்ணுக்கு இல்லை. பூவாடைக்காரிக்கு. புதுத்துணியும் பூவும் வைத்துப் படையல் போட்டு, அவள் உத்தரவு வாங்கிய பிறகுதான் பந்தக்கால். எங்கள் குடும்பத்தில் எப்போதோ இளவயதில் செத்தவள். எப்படிச் செத்தாள் என்று சிறுவயதில் அத்தையிடம் கேட்டேன். "தண்ணிக்குப் போனவ வரல" என்றாள். யாரோடு போனாள் என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். கொன்ற குடும்பமே கும்பிடுகிற குடும்பமாகவும் இருக்கக்கூடும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

தமிழில் நல்ல பேய்க்கதை இல்லையே என்று நண்பர்கள் குறைப்படும்போதெல்லாம் அந்த அடி ஞாபகம் வருகிறது. மோகினி, மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம் என்று தொடர்கதைக்காரர்கள் எழுதித் தள்ளியது ஏராளம். அந்தப் பேய்கள் எதற்கும் வழக்கு என்று ஒன்று கிடையாது. வெறுமனே வருகின்றன, போகின்றன. வழக்கோடு வந்தவள் பழையனூர் நீலி.

கதை தெரிந்ததுதான். கணவனால் கொலையுண்டவள், அவன் மறுபிறவியில் வணிகனாகித் திருவாலங்காட்டுப் பக்கம் வரும்போது பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன் நிற்கிறாள்: இவன் என் புருஷன், விட்டுவிட்டு ஓடுகிறான். இவள் பேய் என்று அவன் அலறுகிறான். பிள்ளையோ அவனிடம் தாவுகிறது. சபை அவனுடைய மந்திர வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்புகிறது. குடும்ப விஷயம், உள்ளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. விடிந்தால் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காக உயிர் விட்டார்கள்.

சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது. சமணர்கள் நீலியை எடுத்து நீலகேசியில் தர்க்கம் பேச வைத்தார்கள். அவள் வாயின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள்தான். மற்றவர்கள் வேளாளரின் வாக்குத் தவறாமையைப் போற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மொழியும் தன் பங்குக்குத் தீர்ப்பு எழுதியது: நீலிக் கண்ணீர், அதாவது பொய்யழுகை.

நான் ஒப்பவில்லை. பிள்ளை பொய், உருவம் பொய். இவன் என் புருஷன் என்பது? அது ஒரு பிறவி தாமதமாக வந்த உண்மை. எழுபது பேரும் தடயத்தில் ஏமாந்தார்கள், தீர்ப்பில் தவறவில்லை. வேறு சாட்சியே இல்லாத கொலைக்குக் கொலையுண்டவள் பொய்ச்சாட்சி தயாரிக்காமல் என்ன செய்வாள்?

சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதை இந்த ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கும் பூட்டிய அறை, கொல்லப்பட்ட மனைவிகள். ரத்தக் கறை போகாத சாவியைத்தான் பெரோ மாய சக்தி கொண்டது என்கிறார். சாவி காட்டிக்கொடுக்கிறது, பிணங்கள் வாய் திறப்பதில்லை. புது மனைவியைச் சகோதரர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். நீலிக்கு யாரும் வரவில்லை. அவளே வந்தாள்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை (1943) இந்த வரிசையில் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன். அவர் பேயை நம்பினாரா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துவது வெட்டிவேலை. பிச்சைக்காரியை வீட்டுக்குள் சேர்ப்பவள் மனைவி. பழையனூர் சபையின் இடம் அவளுக்கு. வணிகன் இடத்தில் ஓர் எழுத்தாளன். இவன் அலறவில்லை. தான் கண்டதை மனைவியிடம் சொல்லவும் முடியவில்லை. ரத்தத்துளி கசிவதோ அவள் கழுத்தில், வழக்கு இன்னதென்றே தெரியாதவள் கழுத்தில்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். காஞ்சனைக்கும் இவனுக்கும் என்ன கணக்கு? சொல்லப்படவில்லை. பூடகம், கலைக் கட்டுப்பாடு என்று நானும் ஒரு காலத்தில் வியந்து பேசியிருக்கிறேன். கதைசொல்லி மறைப்பது வேறு, அவனோடு சேர்ந்து கதையும் மறைப்பது வேறு. இரண்டாவதில் படைப்பாளி அந்தக் குடும்பத்தில் ஒருவனாகிவிடுகிறான். முடிவில் ஆண்களைப் பற்றி மனைவி அலுத்துக்கொள்வது ஒன்றுதான் அந்த வீட்டில் உண்மைக்குப் பக்கத்தில் வரும் பேச்சு. அது அவளுக்கே தெரியாது.

போன தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் படையல் போட்டோம். பூவாடைக்காரியின் பெயரென்ன என்று கேட்டார் பூசாரி. அத்தை இப்போது இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. புடவையின் விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.