விளக்கம் எப்போது வர வேண்டும்?

2/3-உடன் 1/4-ஐக் கூட்டச் சொன்னால், பழகாத பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எத்தனை வேலை! பொதுப் பகுதி எண் 12 என்று காண வேண்டும், 8/12-ஐ மறக்காமல் வைத்துக்கொண்டே 1/4-ஐ 3/12 ஆக்க வேண்டும், பிறகுதான் 11/12. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980களில் சொன்னது இதைத்தான்: செயல் நினைவில் இடம் குறைவு. வழி தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால் கற்க இடமிராது. புதிதாகக் கற்பவருக்கு முதலில் செய்துகாட்டிய கணக்கு வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், கரும்பலகை முன் நின்ற ஆசிரியரைப் பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்தது. பாடத்துக்கு அட்டை, வரிசைக்கு ஏணிப்படி, அவரவர் வேகம். அதே 2007-இல் இலங்கை, தரம் 6, 10 வகுப்புகளில் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஐந்து கட்ட முறையைக் கொண்டுவந்தது. ஆர்வமூட்டல், தேடல், அதன் பிறகே விளக்கம்.

ஸ்வெல்லரைக் காட்டி இந்த இரண்டு முறைகளையும் ஒன்றாகப் பழிப்பது சரியல்ல. அட்டை பாடத்தைச் சிறு துண்டாக்குவதால் சுமை குறைகிறது. வாய்விட்டுச் செய்துகாட்டுபவர்தான் குறைவு. இலங்கையின் ஐந்து கட்ட முறையில் ஆசிரியர் முன்னாலேயே இருக்கிறார், அவர் முறை தாமதமாக வருகிறது. அந்த இடைவெளியில் ரியூசன் வகுப்பு புகுந்துகொள்கிறது. கடந்தகால வினாத்தாள் கணக்கை மாஸ்டர் வரிவரியாக எழுதிக் காட்டுகிறார். ரியூசனை என்னதான் திட்டினாலும், அங்கே நடப்பது பாதி ஸ்வெல்லர். மீதிப் பாதி, பிள்ளை தானே முடிக்க வேண்டிய கணக்கு.

மலேசியாவில் ஜாசின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 2003 முதல் கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. கைவிடும் முடிவு 2009-இல்தான். கணக்கைத் தொடுமுன் வாக்கியத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது. இலங்கையின் தமிழ் ஆரம்ப வகுப்புகளில் கணிதம் தமிழிலேயே நிற்கிறது. தமிழ்நாடோ 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது.

பிள்ளைகள் குறைந்த தோட்டப்பள்ளி வகுப்பில் அட்டையின் சிறு படியையும் மாஸ்டரின் வரிவரியான எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் கணக்கு முழுதாக. இரண்டாவதில் கடைசி வரி காலி. மூன்றாவதில் முதல் வரி மட்டும். வழி பிடிபட்டவர்களுக்குச் செய்துகாட்டிய கணக்கே இடைஞ்சலாகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே முன்னேறிவிட்ட பிள்ளையிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வெறுங்கணக்கைக் கொடுத்துவிட வேண்டும், பக்கத்துப் பிள்ளை இன்னும் முதல் படியில் இருந்தாலும்.