ஒருசாலை மாணாக்கரும் ஆய்வுக்குழுவும்: ‘என் சரித்திரம்’ வழி ஒரு மறுநோக்கு

முன்னுரை

ஆய்வு மாணவரிடையே ஒத்துழைப்புக் குன்றிப் போட்டி மிகுந்துவிட்டது என்னும் குறை நம் துறைகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது. அக்குறையைக் கூறுவோர் பெரும்பாலும் பழைய குருகுல முறையையே மாற்றாகச் சுட்டுவர். அதற்குச் சான்றாக உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ காட்டப்படுவதும் உண்டு. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலுருப் பெற்ற அத்தன்வரலாறு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் குழுவை மிக நெருக்கத்தில் காட்டுகிறது. ஆயின், அது காட்டுவது போட்டியற்ற ஓர் உலகமா என்பதே நம் வினா. அன்று என்பதும், அங்கிருந்த போட்டி பகையாக முற்றாமைக்குத் தனிக் காரணங்கள் இருந்தன என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

நன்னூலின் கணக்கு

கல்வியில் உடன்பயில்வோரின் பங்கைத் தமிழ் மரபு நெடுங்காலத்திற்கு முன்பே அளந்து வைத்துள்ளது. ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும், ஒருசாலை மாணாக்கரோடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூல் பொதுப்பாயிரத்தின் கருத்து. இக்கணக்கின்படி முக்காற்பங்கு கல்வி ஆசிரியருக்கு வெளியே நிகழ்கிறது. ஆனால், அவ்வொருசாலை மாணாக்கர் ஒருவரையொருவர் முந்த விழையும்போது என் செய்வது என்பதற்கு நன்னூலில் விடையில்லை. அவ்விடத்தைத் தன்வரலாறு நிரப்புகிறது.

தளிரும் தயையும்

1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்த சாமிநாதையர், தொடக்கத்தில் மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்குமாறு பணிக்கப்பட்டார். நன்னூல் முறைப்படி இது பொருத்தமான ஏற்பாடே. சவேரிநாதரும் அன்பாகவே நடந்துகொண்டார். எனினும் இளைஞரின் மனம் நிறைவடையவில்லை. ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்று அது அவாவியது. பிள்ளையவர்கள் காலையில் தோட்டத்து மரஞ்செடிகளில் புதுத்தளிர்களைத் தேடிப் பார்த்து மகிழ்வதை அவர் கண்டார். தாம் முன்னரே எழுந்து சென்று தளிர்விட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினார். அதன்வழி நெருக்கமும், பின் நேர்ப்பாடமும் வாய்த்தன. அந்த அத்தியாயத்திற்குத் ‘தளிரால் கிடைத்த தயை’ என அவரே தலைப்பிட்டுள்ளார்.

இந்நிகழ்ச்சியை ஆசிரிய பக்திக்குச் சான்றாக மட்டும் எடுத்துரைப்பது நம் வகுப்பறை வழக்கம். நாமும் பல்லாண்டு அவ்வாறே உரைத்து வந்துள்ளோம். ஆயின், தலைப்பிலுள்ள ‘தயை’ என்னும் சொல் நின்று எண்ணத்தக்கது. ஆசிரியரின் நேரம் அரிய பொருளாக இருந்தது. அதனைப் பெறுதற்குரிய வழி விதியன்று, தயையே. தளிர் தேடத் தோன்றாத மாணவன் என்னவானான் என்பதைச் சரித்திரம் கூறவில்லை. வென்றவரே வரலாற்றை எழுதியுள்ளார் என்பதை மறத்தல் திறனாய்வாகாது.

பகையாகாமைக்குக் காரணம்

போட்டி இருந்தும் அக்குழு சிதையாமைக்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, பொதுப்பணி. பிள்ளையவர்கள் புராணங்களை வாய்மொழியாகப் பாட, மாணவர் ஏட்டில் எழுதினர்; எழுதியதைப் படித்துக் காட்டினர். யார் எழுதினும் நூல் ஒன்றே ஆதலின், ஒருவரின் உழைப்பு மற்றவர்க்கு இழப்பாகவில்லை. இரண்டாவது, மூத்தோரின் பொறுப்பு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், 1880இல் தாம் ஓய்வுபெறுங்கால் தம் ஆசிரியரின் இளைய மாணவராகிய சாமிநாதையரை அவ்விடத்திற்கு முன்மொழிந்தார்.

ஆசிரியர் மறைந்தபின் எழுந்த போட்டி வேறு வகையானது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் விழைந்தார். சாமிநாதையர் விட்டுக்கொடுக்க இசையவில்லை. முடிவில் 1887இல் சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தன. விட்டுக்கொடாமையும் தமிழுக்கு ஆக்கமே தந்தது. இருவர்க்கும் தனித்தனிக் களம் இருந்தமையே அதற்குக் காரணம்.

நம் ஆய்வுக்குழுக்கள்

இவ்விரண்டும் இல்லாதவிடத்து நேர்வதை நாம் கண்டுள்ளோம். நம் மேற்பார்வையில் இரு மாணவர் மலாயாவின் பழைய தமிழ் இதழ்களை ஆராய்ந்தனர். ஒருவர் அரிதின் திரட்டிய படிகளை மற்றவர்க்குக் காட்ட மறுத்தார். அவரைக் கடிந்துகொண்ட நாம், வாரக் கூட்டந்தோறும் ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைக் குறைகூறியது நாமே என்பதைப் பிந்தியே உணர்ந்தோம். எல்லை வகுக்காத தலைப்பு, அளவு தெரியாத தயை ஆகிய இரண்டையும் ஆசிரியரே அளித்துவிட்டு, ஒத்துழைப்பை மாணவரிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

ஆகவே, மூலச்சான்றுகள் குழுவின் பொதுச்சொத்து என்பதும், அவற்றைத் திரட்டியவர் பெயர் பயன்படுத்தும் கட்டுரைகளிலெல்லாம் குறிக்கப்படும் என்பதும் தொடக்கத்திலேயே எழுத்தில் அமைதல் வேண்டும். ஆய்வு வினாக்கள் மட்டும் தனித்தனியே பிரிக்கப்படலாம். ஆசிரியரைக் காணும் நேரம் அனைவர்க்கும் ஒப்ப வரையறுக்கப்படல் வேண்டும். அதன்பின் எஞ்சும் போட்டி விளக்கத்தின் நுட்பத்தில் நிகழும் போட்டியாகும். அதனை அஞ்ச வேண்டுவதில்லை.

முடிவுரை

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்த வேளையில், சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகம் படித்தார். ஒருகால் எவரிடம் பாடம் கேட்பது போதாதென்று கருதினாரோ, அவரோடு சேர்ந்தே ஆசிரியரின் இறுதிப்பொழுதில் நின்றார். ஒத்துழைப்பு என்பது போட்டியின் இன்மையன்று. போட்டி கடந்தபின்னும் எஞ்சி நிற்கும் உறவு. அவ்வுறவுக்கு இடம் வைப்பது மாணவரின் கடமையாவதற்கு முன் ஆசிரியரின் கடமையாகும்.