மூணாற்றின் ‘நிறுவனர்’: ஜான் டேனியல் மன்றோவும் ஆவணமொழியும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஊரொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதற்கு ஒரு நிறுவனரைத் தேடுவது இயல்பு. இடுக்கி மாவட்டத்து மூணாற்றுக்கு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரர் அவ்வாறு சுட்டப்பெறுகிறார். மேற்கே முதலமடையிலிருந்து கிழக்கே தேவிகுளம் வரை ஆனைமலையைச் சூழ்ந்த எல்லைப்பகுதியில் தமிழும் மலையாளமும் பழங்குடி வழக்குகளும் கலந்து வழங்குகின்றன. அங்கு ‘நிறுவனர்’ என்னும் சொல்லுக்கு உரிய பொருத்தம் யாது என்பதை ஆவணச் சான்று, இடப்பெயர்ச் சான்று ஆகிய இரண்டையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மன்றோவும் ஒப்பந்தமும்

முதற்கண் ஒரு பெயர் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சென்னை ஆளுநராக விளங்கிய சர் தாமஸ் மன்றோ வேறு. திருவிதாங்கூரின் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ வேறு. இங்குக் கருதப்படுபவர் இவர்களுக்குப் பிந்தியவர். பீர்மேட்டில் காப்பி பயிரிட்டவர். 1877 ஜூலை 11ஆம் நாள் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து மலைநிலத்தைக் காப்பிச் சாகுபடிக்காக இவர் பெற்றார். முன்பணம் ரூபாய் 5,000. ஆண்டுக் குத்தகை ரூபாய் 3,000. நிலப்பரப்போ ஏறத்தாழ 227 சதுர மைல். 1879இல் அவ்வுரிமை வடதிருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண்மைக் கழகத்திற்கு மாற்றப்பட்டது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது.

இவற்றுள் எதுவும் ஊர் நிறுவிய செயல் அன்று என்பது நோக்கத்தக்கது. நிலக்குத்தகையும் உரிமை மாற்றமுமே ஆவணங்களில் காணப்படுவன. மேலும், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றைச் சிதைத்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை அழிந்தது. இன்றைய ஊர் அதன்பின் மீண்டும் கட்டப்பெற்றதாகும். எனவே 1877 ஒரு குத்தகையின் பிறந்தநாளே அன்றி ஓர் ஊரின் பிறந்தநாள் அன்று.

இடப்பெயர் தரும் சான்று

ஒப்பந்தம் அந்நிலத்தைக் ‘கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை’ என்றே குறிக்கிறது. அதாவது, மன்றோ பெற்ற நிலத்திற்கு அவர் பெறுவதற்கு முன்பே ஆட்பெயரும் நாட்டுப்பெயரும் இருந்தன. அஞ்சுநாடு என்பது மறையூர், காந்தலூர் முதலிய ஐந்து தமிழ் ஊர்களின் தொகுதி. தோட்டம் உருவாவதற்கு முன்பே அங்கு வேளாண் குடிகள் இருந்தனர். முதுவர் மலையில் வாழ்ந்தனர்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடம் ஆதலின் மூணாறு எனப் பெயர் பெற்றது. மூன்று + ஆறு என்பது இலக்கண நெறியில் மூவாறு எனப் புணரும். எறணாகுளம் மாவட்டத்து மூவாற்றுப்புழையில் அவ்வடிவம் காணப்படுகிறது. மூணாற்றிலோ அந்நெறி பின்பற்றப்படவில்லை. தமிழர் ‘மூணு’ என்னும் பேச்சுவழக்கு எண்ணுப்பெயரை வைத்து மூணாறு என்றனர். மலையாளிகள் ‘மூந்நு’ என்பதை வைத்து மூந்நார் என்றனர். இரண்டும் அவ்வம்மொழியின் நாட்பேச்சிலிருந்து எழுந்த வடிவங்கள். பெயரிட்டோர் வழிப்போக்கரும் உழைப்போருமாகிய பொதுமக்களே என்பதை இது உணர்த்துகிறது எனலாம்.

தோட்டப் பெயர்களும் இதனையே வலியுறுத்தும். பெரியவரை, வாகவரை முதலியவற்றின் ஈறு இன்றைய பேச்சில் ‘வாரை’ என நீண்டும் ஒலிக்கிறது. ஆனால் கம்பெனியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் குற்றுயிரையே காட்டுகிறது. ஆகவே, மலை என்னும் பொருளில் சங்க இலக்கியத்தில் பயிலும் ‘வரை’ என்னும் சொல்லோடு இதனை இணைத்துக் காண இடமுண்டு. பெயர்களை ஆங்கில எழுத்தில் பதித்த ஆவணமே அவற்றின் தொன்மைக்கும் சான்றாக நிற்கிறது.

சட்டமொழியும் அதன் விளைவும்

கேரள அரசு 1971இல் இயற்றிய கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின் முகப்புரையும் மன்றோவின் பெயரையும் 1877ஆம் ஆண்டையும் கூறியே தொடங்குகிறது. குத்தகையின் விளைவை மாற்ற வந்த சட்டம், அக்குத்தகையையே வரலாற்றின் தொடக்கமாகக் கொண்டது. 1972 ஏப்ரல் 27இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை நிலச்சீர்திருத்தம் எனக் கொண்டு ஏற்றது. வழக்கில் எதிரெதிரே நின்றவை கம்பெனியும் அரசுமாகும். உழைத்தோர் அதில் ஒரு தரப்பாக இல்லை.

இத்தொடக்கத்தின் விளைவு எல்லைச் சிக்கலிலும் தெரிகிறது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெருந்தொகையினராய் இருந்தபோதும், தோட்டத் தொழிலாளரை நிலையற்ற வரவினராகக் கருதும் வாதம் 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் எடை பெற்றது. பொருளாதாரக் காரணங்களும் சேர, 1956இல் அவ்வட்டங்கள் கேரளத்துடன் நின்றன. வரலாறு 1877இல் தொடங்கினால் தமிழர் யாவரும் வந்தேறிகளே. அஞ்சுநாட்டிலிருந்து தொடங்கினால் அக்கூற்று நில்லாது.

எதிர்வாதத்தின் குறை

மன்றோவுக்கு மாற்றாகக் கண்ணன் தேவனை நிறுவனராக நிறுத்துவோரும் உளர். நிலத்தின் பெயர் அவர்க்குரியது என்ற அளவில் இவ்வாதம் வலிமையுடையது. எனினும் ‘நிறுவினார்’ என்னும் வினைக்கு ஒரே எழுவாயைத் தேடும் பழைய வாக்கிய அமைப்பையே இதுவும் பின்பற்றுகிறது, பெயர்தான் மாறுகிறது. முதுவர்க்கும், கங்காணிகளால் போடிநாயக்கனூர் வழியாக மலையேற்றப்பட்ட தொழிலாளர்க்கும் இவ்வாக்கியத்திலும் இடமில்லை.

முடிவுரை

மன்றோவை ‘முதல் குத்தகையாளர்’ எனல் பொருந்தும். ‘நிறுவனர்’ எனல் பொருந்தாது. இது சொல்லளவிலான வேறுபாடு அன்று. பத்திரத்தில் பெயருடையோர்க்கு நிலம் கிடைத்தது. பெயரில்லாதோர்க்கு வேலை உள்ளவரை லயத்து அறை கிடைத்தது. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர் ‘பெண்பிளை ஒருமை’ என்னும் பெயரில் எழுப்பிய குரலில் கூலியும் போனசும் மட்டுமின்றி இருப்பிடமும் இருந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் எழுபதுபேர் மாண்டனர். அவர்களுள் பலர் தலைமுறைகளாக அம்மலையில் உழைத்த குடும்பத்தினர். ஊரை ஆக்கியோர் யார் என்னும் வினாவுக்கு எழுதப்படும் விடையில் இவர்களும் எழுவாயாக வேண்டும்.